உலகக் கண்காட்சி மெடல்கள்: முதலில் விளிம்பைப் படியுங்கள்

மொரிசியஸின் ரோஸ் ஹில்லில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சர்க்கரை ஆலை அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவருடைய மாமனார் காலமான பிறகு, அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் கிடைத்திருக்கிறது. உள்ளே மூன்று வட்ட மெடல்கள். ஒன்றில் ஐஃபெல் கோபுரமும் 1889 என்ற ஆண்டும். இரண்டாவது மங்கிய சாம்பல் நிறத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் படத்தோடு, மேலே துளை போட்டது. மூன்றாவது உள்ளங்கை அகல வெண்கலம், நல்ல கனம், 1862 என்று இருக்கிறது. அதன் விளிம்பில் ஏதோ எழுத்து தெரிகிறது, படிக்க முடியவில்லை. ஆலை மூடியபோது அலுவலகச் சாமான்களோடு வீட்டுக்கு வந்தவையாக இருக்கலாம் என்கிறார். சுத்தம் செய்யலாமா, விலை போகுமா, இதே மாதிரி சேர்க்க ஆசை வந்துவிட்டது, எங்கே தொடங்குவது? இவைதான் அவர் கேட்பது.

தம்பி, சுத்தம் செய்வதைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மற்றதற்கெல்லாம் அவகாசம் இருக்கிறது, இதற்கு இல்லை. தேய்க்காதீர்கள். நம் வீடுகளில் பித்தளை, வெண்கலம் என்று எதைப் பார்த்தாலும் கை தானாகப் புளியைத் தேடும். குத்துவிளக்குக்கு அது சரி. மெடலுக்கு அது கேடு. வெண்கல மெடலின் பழுப்பு நிறம் அழுக்கில்லை. அச்சடித்த பட்டறையிலேயே வேண்டுமென்று ஏற்றிய மேற்பூச்சு அது. அதற்கு மேல் நூறு, நூற்றைம்பது வருடக் காற்று படிந்து ஒரு தோல் மாதிரி ஆகியிருக்கும். புளி, எலுமிச்சை, சாம்பல், கடையில் விற்கும் பாலிஷ், எதைப் போட்டாலும் அந்தத் தோல் போய், கீழே செம்பு நிறம் பளிச்சென்று தெரியும். பார்க்கப் புதிதாக இருக்கும். தெரிந்தவர் கையில் எடுத்த மாத்திரத்தில் கீழே வைத்துவிடுவார். போன மேற்பூச்சைத் திரும்பக் கொண்டுவரவும் முடியாது. மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள், போதும்.

இனி மெடல்கள். உலகக் கண்காட்சி என்பது பல நாடுகளும் தங்கள் விளைபொருள், இயந்திரம், கைவினை என்று கொண்டுவந்து ஒரே இடத்தில் காட்சிக்கு வைத்த பெரிய விழா.

உங்கள் டின்னில் இருக்கும் மூன்றும் ஒரே வகை இல்லை. கண்காட்சிப் பொருள் சேர்ப்பவர்கள் எதைப் பார்த்தாலும் முதலில் கேட்பது, இது பரிசா, வந்துபோனவர் வாங்கிய நினைவுப் பொருளா என்பதுதான். பரிசு மெடலை நடுவர் குழு தீர்மானித்து, பொருள் வைத்தவருக்குக் கொடுக்கும். அதில் பெரும்பாலும் ஒரு பெயர் இருக்கும். நினைவு மெடலை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம், பல்லாயிரக்கணக்கில் அடிப்பார்கள். இந்த இரண்டுக்கும் நடுவில் அமைப்பாளர்களே பங்கேற்றவர்களுக்கும் பணியாளர்களுக்கும் கொடுத்தவை உண்டு. விலையும் மதிப்பும் பெரும்பாலும் இந்தப் பிரிவிலேயே முடிவாகிவிடும். ‘நூறு வருடப் பழசு’ என்பதற்குத் தனியாக ஒரு மதிப்பும் கிடையாது. 1893 சிகாகோ கண்காட்சிக்காக அமெரிக்கா வெளியிட்ட கொலம்பஸ் அரை டாலர் அந்த நாட்டின் முதல் நினைவு நாணயம். ஆனால் லட்சக்கணக்கில் அடித்து, விற்காமல் மீந்ததைச் சாதாரணச் சில்லறையாகவே புழக்கத்தில் விட்டார்கள். தேய்ந்த காசு இன்றும் எளிதாகக் கிடைக்கிறது.

அந்தக் கணக்கில் உங்கள் ஐஃபெல் கோபுர மெடல் நினைவுப் பொருள். 1889-இல் பாரிஸ் கண்காட்சிக்கு 3 கோடிக்கும் மேல் வருகை. அந்த ஆறு மாதத்தில் கோபுரத்தில் ஏறியவர்கள் மட்டும் ஏறத்தாழ 20 லட்சம். முதல் தளத்துக்கு 2 பிராங்க், உச்சி வரை போக 5 பிராங்க். ஏறியவர்களுக்கு ‘நான் ஏறியதன் நினைவாக’ என்று பொறித்த மெடல்கள் அங்கேயே விற்றார்கள். திருப்பிப் பார்த்து, எந்தத் தளம் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். உச்சி என்று இருந்தால் கொஞ்சம் கூடுதல் சந்தோஷம். சில மெடல்களில் ஏறியவர் தன் பெயரைக் கையால் கீறி வைத்திருப்பார். அதைக் குறையாக நினைக்கும் வியாபாரிகள் உண்டு. எனக்கு அப்படிக் கீறியதுதான் பிடிக்கும். எப்படியானாலும் இது பெரிய விலை போகும் பொருள் இல்லை, ஆனால் சேகரிப்பைத் தொடங்க அருமையான பொருள். அதே கண்காட்சியின் பரிசு மெடல் வேறு: லூயி பொத்தே வடித்தது, 63 மில்லிமீட்டர் அகலம், பெற்றவர் பெயரைப் பொறிப்பதற்காகப் பின்பக்கத்தில் ஒரு பலகை விட்டிருப்பார்கள்.

சாம்பல் நிறத்தது வெள்ளி இல்லை. வெள்ளீயக் கலவை. சேர்ப்பவர்கள் வெள்ளை உலோகம் என்பார்கள். அடித்த புதிதில் வெள்ளி போல மின்னும், பிறகு மங்கிவிடும். மிக மென்மை, நகம் பட்டாலே கோடு விழும். துளை பின்னால் யாரோ போட்டதாக இருக்கலாம், ரிப்பன் கோத்து மாட்டிக்கொள்வதற்கு. துளை இருந்தால் விலை குறையும், அவ்வளவுதான். ஆனால் இதில் கவனிக்க வேண்டியது கட்டடம். 1851-இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசஃப் பாக்ஸ்டன் எழுப்பிய கிரிஸ்டல் பேலஸ், கண்காட்சி முடிந்த பிறகு பிரிக்கப்பட்டு, 1854-இல் சிடன்ஹமில் இன்னும் பெரிதாக மறுபடி எழுந்தது. அங்கேயும் பல பத்தாண்டுகளுக்கு மெடல் விற்றார்கள். 1936 நவம்பர் 30 அன்று எரிந்து போகும் வரை அது நின்றது. ஆகவே ‘கிரிஸ்டல் பேலஸ்’ என்று இருந்தால் 1851 என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கூரையைப் பாருங்கள். நீள நெடுகத் தட்டையாகப் போய், நடுவில் மட்டும் ஒரே ஒரு வளைவுக் கூரை எழும்பினால் ஹைட் பார்க். அங்கே நின்ற எல்ம் மரங்களை வெட்டாமல் உள்ளேயே விடுவதற்காகத்தான் அந்த இடத்தில் கூரையை உயர்த்தினார்கள். நீளம் முழுக்க வளைந்த கூரை, குறுக்கே மூன்று வளைவுகள், இரண்டு கோடியிலும் உயரமான தண்ணீர்க் கோபுரம் என்றால் சிடன்ஹம்.

இப்போது மூன்றாவது. தம்பி, நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்டீர்கள், நான் உங்கள் கேள்வியைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது இதற்காகத்தான்.

1862-இல் லண்டன் சவுத் கென்சிங்டனில் மே 1 முதல் நவம்பர் 1 வரை அந்த நகரின் அடுத்த பெரிய கண்காட்சி நடந்தது. பரிசு மெடலை ஓவியர் டேனியல் மக்லீஸ் வரைந்தார், லெனர்ட் வயன் வடித்தார். 77 மில்லிமீட்டர் வெண்கலம். முன்பக்கம் பிரிட்டானியா உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் சிங்கம், சுற்றிலும் தொழில்களைக் குறிக்கும் உருவங்கள். பின்பக்கம் மாலைக்குள் ஆண்டும் ‘லோண்டினி, ஹொனோரிஸ் காவ்ஸா’ என்ற லத்தீன் சொற்களும். தங்கம், வெள்ளி என்ற படிநிலை அந்த வருடம் கிடையாது. எல்லாருக்கும் இதே வெண்கலம்தான். அதனால் வெண்கலமாச்சே, மூன்றாம் பரிசுதானோ என்று நினைக்க வேண்டாம்.

பெற்றவர் பெயரை இரண்டு முகங்களிலும் தேடினால் கிடைக்காது. விளிம்பில் பொறித்திருப்பார்கள். பெயரை அடுத்து ‘கிளாஸ்’ என்றும் ஒரு ரோமன் எண்ணும் வரும். இருட்டறையில் ஒரு மேசைமேல் துணி விரித்து, மெடலை அதில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு, கைப்பேசி டார்ச்சை விளிம்புக்கு ஏறக்குறைய இணையாகச் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பிவரும். கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி உருட்டிப் படம் எடுங்கள். சுண்ணாம்போ மாவோ பூசிப் படிக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, வேண்டாம்.

கிளாஸ் என்பதற்குப் பின்னால் மூன்று நேர்கோடுகள் இருந்தால் அது மூன்றாம் வகுப்பு. வகுப்பு என்றால் தரம் இல்லை, காட்சிக்கு வந்த பொருள்களைப் பிரித்த வகை. மூன்றாம் வகுப்பு உணவுப் பொருள்கள், சர்க்கரை அதில்தான் வரும். 1851-இலும் 1862-இலும் மொரிசியஸ் தன் விளைபொருளை லண்டனுக்கு அனுப்பியது. உங்கள் மாமனார் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர், மெடல் ஆலை அலுவலகத்திலிருந்து வந்திருக்கக்கூடும் என்கிறீர்கள். எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்துகிறது. ஆனால் விளிம்பைப் படிக்கும் வரை இது ஊகம். பர்மிங்ஹாம் இயந்திரக் கம்பெனி ஒன்று தான் வாங்கிய மெடலை ஆலைக்கு விற்ற எந்திரத்தோடு அன்பளிப்பாகக் கொடுத்திருக்கலாம், அப்படியானால் வகுப்பு எண் வேறாக இருக்கும்.

பெயர் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. இந்தக் கண்காட்சிகளின் நடுவர் குழுக்கள் பரிசு பெற்றவர்களின் பட்டியலை வகுப்பு வாரியாக, நாடு வாரியாக அச்சிட்டார்கள். என்ன பொருளுக்கு, என்ன காரணத்துக்குப் பரிசு என்று ஒரு வரியும் இருக்கும். இணையத்தில் பழைய நூல்களின் ஸ்கேன்களில் தேடினால் கிடைக்கும். இங்கே கியூர்பிப் கார்னகி நூலகத்திலும் தேசிய ஆவணக் காப்பகத்திலும் தோட்டங்கள், ஆலைகள் பற்றிய பழைய பதிவுகளில் அந்தப் பெயரைத் தேடலாம். 1850களின் இறுதியில் இந்தத் தீவில் 250-க்கும் மேல் சர்க்கரை ஆலைகள் ஓடின, இன்று மூன்று. மூடிய ஆலைகளின் காகிதம் பெரும்பாலும் போய்விட்டது. அதனால் பெயர் பொறித்த ஒரு மெடல் என்பது, அப்படி ஒரு தோட்டம் இருந்தது, அதன் சர்க்கரை லண்டன் வரை போய் நின்றது என்பதற்கான கையில் பிடிக்கக்கூடிய சாட்சி.

இதில் எனக்கு எப்போதும் மனதை அறுக்கும் ஒன்று உண்டு. விளிம்பில் வரும் பெயர் தோட்ட முதலாளியுடையது. 1834-இல் தொடங்கிய கூலி ஒப்பந்தத்தில் மதராஸிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள்தான் அந்தக் கரும்பை வெட்டினார்கள், சாற்றைக் காய்ச்சினார்கள். கண்காட்சி மேசையில் கண்ணாடி ஜாடிக்குள் இருந்தது அவர்கள் உழைப்பு. ஒரு மெடலிலும் அவர்கள் பெயர் இல்லை. அதனால்தான் மெடலோடு வந்த கதையைச் சேர்த்து எழுதி வையுங்கள் என்று எல்லாரிடமும் கெஞ்சுகிறேன். உங்கள் மாமனார் எந்த ஆலையில், எந்த வருடங்களில், என்ன வேலை பார்த்தார் என்று ஒரு தாளில் எழுதி, பென்சிலால், மெடலோடு வையுங்கள். டின்னையும் தூக்கிப் போடாதீர்கள்.

சேர்க்கத் தொடங்குவது பற்றி. உலகக் கண்காட்சி என்றால் 1851 முதல் இன்று வரை, பல நாடுகளில், கணக்கற்ற பொருள்கள். எல்லாவற்றையும் சேர்க்கப் போனால் எதுவும் சேராது. சிகாகோ ஒன்றே ஒரு ஆயுள் காலத்தை விழுங்கும். பரிசு மெடல், அரை டாலர், நுழைவுச் சீட்டு, காசை உருளையில் விட்டு நீட்டி நசுக்கி அதில் கண்காட்சி பெயர் அச்சிட்ட நினைவுக் காசு, ஹெய்ன்ஸ் கம்பெனி கூட்டத்தை இழுக்க இலவசமாகக் கொடுத்த குட்டி ஊறுகாய் வெள்ளரிக்காய்த் தொங்கட்டான் வரை. பரிசு மெடலின் ஒரு பக்கத்தை சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் செய்தார். மறுபக்கத்துக்கு அவர் வரைந்த ஆடையில்லாத இளைஞன் உருவத்தை ஏற்க மறுத்து, அமெரிக்க நாணயச்சாலையின் சார்லஸ் பார்பரிடம் வேறு செய்யச் சொன்னார்கள். கண்காட்சி முடிந்து மூன்று வருடம் கழித்து 1896-இல்தான் மெடல்கள் பெற்றவர்கள் கைக்குப் போயின. சுவையான கதைதான், ஆனால் அதை அமெரிக்கர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

நான் சொல்வது, நம் கடலைச் சுற்றிச் சேருங்கள். 1886-இல் லண்டனில் நடந்த காலனி மற்றும் இந்தியக் கண்காட்சியில் மொரிசியஸ், நேட்டால், பர்மா எல்லாம் இருந்தன. 55 லட்சம் பேர் பார்த்தார்கள். அதன் 51 மில்லிமீட்டர் வெண்கல மெடலும் லெனர்ட் வயன் செய்ததுதான். வேல்ஸ் இளவரசர் தலை ஒரு பக்கம், மாலைக்குள் எழுத்து மறுபக்கம். அடிக்கடி விற்பனைக்கு வரும், தொடங்குகிறவர் கைக்கு எட்டும். பக்கத்துத் தீவு ரெயூனியன் பிரெஞ்சுக் கண்காட்சிகளுக்குத் தவறாமல் போனது. 1931-இல் பாரிஸ் வின்சென்னில் நடந்த காலனிக் கண்காட்சியில் ரெயூனியனுக்கு ஒரு மண்டபம், பாண்டிச்சேரி, காரைக்கால் அடங்கிய பிரெஞ்சு இந்தியாவுக்கு ஒரு மண்டபம். அந்தக் கண்காட்சியின் டோக்கன், அஞ்சலட்டை, மெடல் எல்லாம் ரெயூனியன் பழைய பொருள் சந்தைகளில் கிடைக்கலாம். உறவுக்காரர் யாராவது அங்கே இருந்தால் சொல்லி வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் 1892-இல் கிம்பர்லி, 1936 செப்டம்பரில் தொடங்கி 1937 ஜனவரி வரை ஜொஹானஸ்பர்க் எம்பயர் கண்காட்சி. ஜொஹானஸ்பர்க்கில் அதற்காகக் கட்டிய ஒளிக் கோபுரம் இன்னும் விட்ஸ் பல்கலைக்கழக வளாகத்தில் நிற்கிறது. அந்தக் கண்காட்சியின் கரண்டி, பேட்ஜ் எல்லாம் டர்பன் வீடுகளில் இருந்தாலும் ஆச்சரியமில்லை.

இவை எல்லாம் ஏகாதிபத்தியம் தன்னைத்தானே மெச்சிக்கொண்ட திருவிழாக்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1889 பாரிஸில் ஆப்பிரிக்க, ஆசிய மக்களையே ‘கிராமம்’ என்று அமைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். அது தெரிந்தே சேருங்கள், அந்தப் பக்கத்தையும் குறிப்பில் எழுதுங்கள்.

போலி பற்றி ஒன்று சொல்ல வேண்டும், பாரிஸ் மெடல்களை வாங்கப் போகிறீர்கள் என்பதால். பாரிஸ் நாணயச்சாலை பழைய அச்சுகளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கேட்டால் பின்னாளிலும் அடித்துக் கொடுக்கும். அது ஏமாற்று இல்லை, ஆனால் முதல் அடிப்பும் இல்லை. பிரித்துச் சொல்ல உதவுவது மறுபடியும் விளிம்புதான். 1845-லிருந்து 1860 வரை சுட்டுவிரல் நீட்டிய கை, 1860 முதல் 1879 வரை தேனீ, 1880-லிருந்து பழங்கள் வழியும் கொம்பு, இப்படி ஒரு குட்டி முத்திரையும் பக்கத்தில் உலோகத்தின் பெயரும் குத்தியிருப்பார்கள். 1867 கண்காட்சி மெடலின் விளிம்பில் கொம்பு இருந்தால் அது பிற்பாடு அடித்தது. 1889 மெடலில் கொம்பு இருப்பது சரி, ஆனால் அதுவே போதாது, ஏனென்றால் பின்னாள் அடிப்புக்கும் அதே கொம்புதான். நாணயச்சாலையில் அடிக்காத தனியார் நினைவு மெடல்களில் இந்த முத்திரையைத் தேடாதீர்கள். உங்கள் ஐஃபெல் மெடலில் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

வார்த்துச் செய்த போலி வேறு. அசலிலிருந்து அச்செடுத்து உலோகத்தை ஊற்றினால், ஆறும்போது சுருங்கும். அதனால் அகலம் அசலைவிடக் கொஞ்சம் குறையும். எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும், பூதக்கண்ணாடியில் ஊசிமுனைக் குழிகள் தெரியும், விளிம்பில் அரம் போட்ட கோடுகள் இருக்கும். வெர்னியர் அளவுகோல் ஒன்றும் சமையலறைத் தராசு ஒன்றும் வாங்குங்கள். மெடலுக்கு முன்னால் வாங்க வேண்டியவை அவை.

ஒரு கம்பெனி தன் லேபிளில் போட்டுக்கொள்ளும் மெடல் படங்களை அப்படியே நம்பாதீர்கள். வாங்காத பரிசை வாங்கியதாகப் போட்டுக்கொள்வது அந்தக் காலத்தில் அவ்வளவு பரவலாக இருந்ததால், பிரான்ஸ் 1886-இல் அதற்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தது.

வைப்பது எங்கே? நம் தீவின் பெரிய எதிரி காற்றுதான். கடலோரத்தில் உப்பு, கியூர்பிப் பக்கம் ஈரம். உப்பில் உள்ள குளோரைடு செம்பில் ஏறி, ஈரமும் சேர்ந்தால், வெளிர்பச்சைப் பொடி கிளம்பும். தட்டினால் உதிரும், சில நாளில் திரும்ப வரும். கரும்பச்சையாக, கெட்டியாகப் படிந்திருப்பது அப்படி ஆபத்தில்லை. உதிரும் பொடியைத்தான் கவனிக்க வேண்டும். அப்படி ஒன்றைக் கண்டால் உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்துவிட்டு, அருங்காட்சியகப் பாதுகாப்பு தெரிந்த ஒருவரைக் கேளுங்கள். மற்றவைக்கும் மூடி இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி சூடாக்கிக் காயவைப்பது, இவ்வளவுதான் வேண்டியது. மெல்லிய வளையும் பிளாஸ்டிக் உறைகள் வேண்டாம். பி.வி.சி. கசிந்து பிசுபிசுவென்று பச்சையாக ஒட்டும். ரப்பர் பேண்டும் ஆகாது, அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்க வைக்கும். ஓக் மரப் பெட்டி அழகாக இருக்கும், ஆனால் அது விடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். ஈயமும் கலந்திருக்கக்கூடிய உங்கள் சாம்பல் நிற மெடலை அதில் வைக்கவே கூடாது. வெள்ளீயமும் வெண்கலமும் உரசாதபடி தனித்தனியாக, அமிலமில்லாத காகிதத்தில்.

விற்பதைப் பற்றியும் கேட்டீர்கள். ஐஃபெலையும் கிரிஸ்டல் பேலஸையும் எப்போது வேண்டுமானாலும் விற்கலாம், அதே மாதிரி வேறு கிடைக்கும். 1862-ஐ விளிம்பு படிக்கும் முன் யாரிடமும் காட்டி விலை கேட்காதீர்கள். பெயர் மொரிசியஸ் தோட்டம் என்று உறுதியானால், வெளிநாட்டு ஏலத்துக்குப் போகும் முன் போ பிளானில் உள்ள சர்க்கரை அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். விற்கச் சொல்லவில்லை, ஒரு படமும் குறிப்பும் அவர்களிடம் இருக்கட்டும். விளிம்பின் படங்களை எடுத்ததும் எனக்கும் அனுப்புங்கள், பரிசுப் பட்டியலில் மூன்றாம் வகுப்பை நானும் சேர்ந்து தேடித் தருகிறேன்.